சிவப்புப் பம்பின் கைப்பிடி

திங்கட்கிழமையிலிருந்து முதலமடைப் பக்கத்துக் காலனிகளை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள். நான் தேவிகுளத்துக்கு மாறிப் போகிறேன். எந்தக் கிணறு எங்கே இருக்கிறது, எந்தத் தொட்டியைக் கடைசியாக எப்போது கழுவினோம், எந்த வால்வை இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்பதெல்லாம் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. பட்டியல் போடுவது என் பழக்கம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதனால் அவற்றில் குழப்பம் இருக்காது.

குழப்பமான ஒன்று மட்டும் பட்டியலுக்குள் அடங்கவில்லை. எந்தத் தலைப்பின் கீழ் போட்டாலும் வேறு தலைப்புக்குப் போகவேண்டியதாகத் தெரிந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறவர்கள்தான் இப்படி உட்கார்ந்து எழுதுவார்கள். எனக்கு அந்த வயதில்லை. ஆனால் நீங்கள் அங்கே போய் நிற்கும் முதல் வாரத்திலேயே இது உங்கள் முன்னால் வரும். அதனால் சொல்லிவிடுகிறேன்.

மேட்டுக்காட்டுக் காலனிக்கு மூன்று தண்ணீர் உண்டு. ஒன்று பொதுக்கிணறு. கோடையில் ஆழத்துக்குப் போய்விடும், உப்புக் கரிக்கும். இரண்டாவது லாரித் தண்ணீர். டேங்கர் வரும் நாளில் தெருவே திருவிழா மாதிரி இருக்கும், வராத நாளில் சண்டை. மூன்றாவது அங்கன்வாடிக்கு எதிரே நிற்கும் அடிபம்பு. ஆழ்துளைக் கிணற்றின் மேல் போட்டது. இந்த வறண்ட பக்கத்தில் அப்படிப்பட்ட தண்ணீர் கிடைப்பது அதிசயம். இளநீர் மாதிரி இனிக்கும், கண்ணாடி மாதிரித் தெளிந்திருக்கும், எந்தக் கோடையிலும் வற்றாது.

அந்த இனிப்புத் தண்ணீரில்தான் ஃப்ளோரைடு. பாறையிலிருந்து கரைந்து வருவது. ஒரு குடம் குடித்தால் ஒன்றும் ஆகாது, ஒரு வருடம் குடித்தாலும் உடனே தெரியாது. பல் முளைக்கும் வயதில் குடித்துக்கொண்டே இருந்த குழந்தைக்குப் பல்லில் காவிக் கோடு விழும். அப்படியே பல வருடம் குடித்தால் முட்டி மடங்காது, முதுகு நிமிராது. சோதனை முடிவு வந்தபோது நான் நம் குடிநீர்த் துறையில் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. அங்கன்வாடியில் பெண்களைக் கூட்டி, படம் காட்டி, இந்தப் பம்பை மூட வேண்டும் என்று விளக்கினேன். பம்புக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தோம். சிவப்பு என்றால் குடிக்கக் கூடாது என்று அர்த்தம்.

அன்று எனக்கு முழுத் துணையாக நின்றவர் மரகதம் அக்கா. காலனித் தண்ணீர்க் கமிட்டியின் தலைவி, மாந்தோப்பில் காய் தரம் பிரிக்கும் வேலை. அவருடைய மகள் கவிதாவின் முன்பற்கள் இரண்டிலும் காவிக் கோடுகள் இருக்கும். கவிதா சிரிக்கும்போது கை தானாகவே வாய்க்குப் போகும். பேசும்போதும் பாதி நேரம் அப்படித்தான்.

பெயிண்ட் காய்வதற்குள் மரகதம் அக்கா ஒரு ஸ்பேனரோடு வந்தார்.

"பெயிண்டெல்லாம் பத்தாதுங்க அம்முணி. தாகத்துக்குச் செவப்புந் தெரியாது, பச்சையுந் தெரியாது. கைப்பிடியக் கழட்டோணும்."

அவரே கழற்றினார். அந்த இரும்புக் கைப்பிடியைத் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குக் கொண்டுபோய் அரிசி மூட்டைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். நம் ஆட்கள் மாதிரி எடுக்க வந்தால் மட்டும் அவரே மாட்டி, முடிந்ததும் கழற்றிக்கொள்வார். மற்றபடி யார் வந்து கேட்டாலும் கொடுத்ததில்லை. பஞ்சாயத்து மெம்பர் வந்து கேட்டதற்கும் கொடுக்கவில்லை. "என்ற புள்ளயோட பல்லத் திருப்பிக் குடுங்க, கைப்பிடியத் தாரேன்" என்று சொன்னதாக டீக்கடையில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

இனி நடந்தது.

மாங்காய் சீசன் உச்சத்தில் இருந்த சமயம். காலனியில் ஒரு வீட்டில் பெண் வயதுக்கு வந்த சீர். கோபாலபுரத்திலிருந்து ஒறம்பரை, அதாவது உறவுக்காரர்கள், வேன் பிடித்து வந்திருந்தார்கள். தெருவிலேயே பந்தல், அங்கேயே சமையல். அதற்கு இரண்டு நாள் கழித்து ஆஷா பணியாளர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். பல வீடுகளில் வயிற்றுப்போக்கு, வாந்தி. இரண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாகிவிட்டது. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள்.

போகிற வழியிலேயே மனதுக்குள் பட்டியல் போட்டுவிட்டேன். கிணறா, லாரியா, பந்திச் சாப்பாடா? யார் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு, நோய் வந்த வீடுகளையும் வராத வீடுகளையும் பிரித்தால் மதியத்துக்குள் காரணம் தெரிந்துவிடும். நமக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான்.

முதல் வீட்டில் கேட்டேன். "எந்தத் தண்ணி குடிச்சீங்க?"

"குடிக்கற தண்ணிதானுங்க."

"கிணத்துத் தண்ணியா, லாரித் தண்ணியா?"

"ரெண்டுந்தானுங்க. கலந்துதான் வெப்போம்."

அங்கேதான் என் பட்டியல் நின்றது. அந்தக் காலனியில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு நீல டிரம் இருக்கும். கிணற்று நீர் தனியாகக் குடித்தால் கரிக்கும். லாரி நீர் தனியாக என்றால் நாள் கணக்கில் வராது. ஆகவே பாதி டிரம் கிணற்று நீரை நிரப்பி, லாரி வந்ததும் மேலே ஊற்றிக் கலக்கிவிடுவார்கள். டிரம்மின் அடி எப்போதும் காலியாவதில்லை. பழைய நீரின் மேல் புதிய நீர், அதன் மேல் வேறு நீர். பக்கத்து வீட்டில் தீர்ந்தால் இந்த டிரம்மிலிருந்து இரண்டு குடம் போகும், பிறகு அங்கிருந்து இங்கே வரும். சீர் வீட்டுக்கு எல்லா வீட்டு டிரம்மிலிருந்தும் ஆளுக்கு ஒரு குடம் கொடுத்திருந்தார்கள். அது அங்கே மொய் மாதிரி. கோடையில் விசேஷம் வைக்கும் வீட்டுக்குத் தண்ணீர்தான் முதல் சீர்.

ஆக, எல்லோரும் எல்லாவற்றையும் குடித்திருந்தார்கள்.

டீக்கடை ராசு அண்ணனிடம் என்னைவிட நிறையக் காரணங்கள் இருந்தன. "லாரிக்காரன் மாந்தோப்புக்கு மருந்தடிக்கத் தண்ணி கொண்டு போறானுங்க அம்முணி, அந்த டேங்குலயே நமக்கும்" என்றார். சர்க்கரை போட்டுக்கொண்டே, "இல்லீன்னா அந்தக் கோபாலபுரத்து மச்சாம்பொண்டாட்டி கொண்டாந்த தயிரு. அத மூந்து பாத்தப்பவே எனக்குச் சந்தேகம்" என்றார்.

"பார்த்துட்டுச் சும்மா இருந்தீங்களாண்ணே?"

"ஒறம்பரையச் சொல்ல முடியுமுங்களா? ரெண்டு கரண்டி போட்டுக்கிட்டேன்."

"உங்களுக்கு வயிறு?"

"எனக்கு ஒண்ணும் பண்ணலீங்க. அதான் கொழப்பமா இருக்குது."

கோபாலபுரத்துக்காரர்களில் சிலருக்கு உடம்பு சரியில்லை, சிலர் நன்றாக இருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அதுவும் எதையும் நிரூபிக்கவில்லை.

நான் செய்தவற்றைச் சொல்கிறேன். கிணற்று நீரிலும் லாரி நீரிலும் சோதனை பாட்டில் வைத்தேன். நீர் கெட்டிருந்தால் கறுப்பாகும் பாட்டில். ஆனால் கறுப்பாக ஒரு நாளாவது வேண்டும். கிணற்றுக்கு நிறைய பிளீச்சிங் பவுடர் போட்டு மூடிவைக்கச் சொன்னேன். அது அடங்கும்வரை அந்த நீரைத் தொட முடியாது. லாரியை, முடிவு தெரியும்வரை வர வேண்டாம் என்று நிறுத்தினேன். டிரம்களைக் கவிழ்த்துத் தேய்க்கவும், இனி எந்த நீரையும் கொதிக்கவைத்தே குடிக்கவும் சொன்னேன். ஒவ்வொன்றும் தனித்தனியே சரி. எல்லாவற்றையும் செய்து முடித்து நிமிர்ந்து பார்த்தபோது, காலனியில் குடிக்கத் தண்ணீரே இல்லை.

கையில் இருந்த கேன் தண்ணீரும் குளோரின் மாத்திரைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டிலேயே படுத்திருந்த குழந்தைகளுக்கு அன்று மதியம்வரைதான் வந்தன, மாத்திரை ஒன்று மட்டும் மிஞ்சியது. மாம்பழ சீசனில் வேறு டேங்கர் கிடைப்பது குதிரைக் கொம்பு. நாளை காலை ஏற்பாடு செய்வதாகப் பஞ்சாயத்தில் சொன்னார்கள். ஆனால் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு நாளை காலை என்பது மிகத் தூரம். உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட் பாக்கெட்டாக இருந்தது. அதைக் கரைக்க நம்பிக்கையான ஒரு லிட்டர் தண்ணீர் இல்லை.

அப்போதுதான் நான் அங்கன்வாடி வாசலில் நின்று எதிரே பார்த்தேன். சிவப்புப் பம்பு.

ஒவ்வொரு பருவத்திலும் ஆட்களை அனுப்பி அதில் மாதிரி எடுத்திருக்கிறோம். ஃப்ளோரைடு உண்டு, கிருமி ஒருபோதும் இருந்ததில்லை. பல்லைக் கெடுக்க அதற்கு வருடக்கணக்கில் வேண்டும். இப்போதைய நோய்க்கு ஒரு ராத்திரி போதும். கணக்கு நேரானது. ஆனால் நான்தான் அந்தப் பம்பை விஷம் என்று சொன்னவள்.

பாலக்காட்டில் இருந்த நம் மூத்த பொறியாளரைக் கூப்பிட்டேன். அவர் பெயரை எழுத வேண்டாம் என்பார், எழுதவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "மோளே, ரிஸ்க் ரெண்டு பக்கமும் உண்டு" என்றார்.

"அது எனக்குத் தெரியும் சார். தொறக்கவா, வேண்டாமா?"

"எனக்கும் அவ்வளவுதான் தெரியும்."

பிறகு அவர், "நீ அங்க நிக்கறே, நான் இங்க இருக்கேன். நீ என்ன முடிவு பண்ணினாலும் நான்தான் சொன்னேன்னு எழுதிக்கோ. நாளைக்கு யாராவது கேட்டா என்னைக் கேக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குப் பதில் கிடைக்கவில்லை. ஆனால் பழியில் பாதியை அவர் வாங்கிக்கொண்டார். நீங்கள் ஒருநாள் மூத்தவர்களாகி, இப்படி ஓர் அழைப்பு வந்தால், பதில் தெரியாவிட்டால் அதையாவது கொடுங்கள்.

மரகதம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவருடைய சின்ன மகன் சபரிக்கு நாலு வயது. உள்ளே பாயில் சுருண்டு கிடந்தான். காலையில் எழுந்து நடந்தவன் மதியம் பேசவில்லை. உதடு காய்ந்திருந்தது. கவிதா அவன் தலைமாட்டில் உட்கார்ந்து முறத்தால் விசிறிக்கொண்டிருந்தாள். ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தார்கள், எல்லா ஆட்டோவும் வேறு குழந்தைகளோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. ஒன்றாவது திரும்பும்வரை அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"அக்கா, கைப்பிடி வேணும்" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைப் பார்த்த பார்வையை நான் எப்படி எழுதுவது?

நான் விளக்கினேன். ஒன்று, இது சில நாளைக்கு மட்டும். இரண்டு, குடிக்கவும் மருந்து கரைக்கவும் மட்டும். மூன்று, கிணறு சரியானதும் மறுபடி கழற்றிவிடலாம். நான்கு... அதற்குள் வாசலில் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"நில்லுங்க அம்முணி" என்றார் மரகதம் அக்கா. "இத மூடறப்ப நீங்க சொன்னீங்களே, அன்னைக்கும் இதே மாதிரித்தான் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொன்னீங்க. கொரலு கூட மாறலீங்க. அன்னைக்கும் இதே கொரலு. நாங்க எந்தக் கொரல நம்பறது?"

யாரோ சிரித்தார்கள். யாரோ, "மூணாறுப் புள்ளைக்கு மலை மேல ஒரு பேச்சு, கீழ ஒரு பேச்சு" என்றார்கள்.

"ரெண்டும் உண்மைதாங்கக்கா. கொஞ்சம் பொறுங்க, சொல்லுதேன்" என்றேன். பதற்றத்தில் நான் பிறந்து வளர்ந்த மூணாறு எஸ்டேட் பேச்சு வந்துவிட்டது.

"சொல்லுதேன், சொல்லுதேன்னு சொல்லிக்கிட்டே இரு" என்றார் அக்கா. கோபத்தில் மரியாதை போய்விட்டது. "அஞ்சு நாளைக்கு நல்லதுன்னா ஆறாம் நாளு கெட்டதாயிருமா? அது என்ன தண்ணியா, தயிரா?"

"நானே எல்லார் முன்னாலயும் குடிக்கேன்க்கா."

"நீ குடிச்சா? ஒரு சொம்பு குடிச்சா ஒண்ணும் ஆவாதுன்னு நீதான அன்னைக்குப் படம் போட்டுக் காட்டுனே. குடிச்சுட்டுப் பஸ் ஏறிப் போயிருவே. எம் புள்ள பல்லுத்தான் இங்க கெடக்கும்."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. நான் சொன்னதிலும் இல்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒருவர் அறியாமையால் மறுத்தால் விளக்கலாம். நாமே விளக்கிய அறிவை வைத்துக்கொண்டு ஒருவர் நம்மை மறுக்கும்போது, எடுத்துச் சொல்ல அதற்கு மேல் பட்டியல் கிடையாது. இன்னொன்றும் இருந்தது. அந்தப் பம்பு பல நாளாகச் சும்மா கிடந்தது. கடைசியாக மாதிரி எடுத்த பிறகு குழாய்க்குள் எலி விழுந்ததோ, பல்லி விழுந்ததோ, எனக்கு என்ன தெரியும்? அந்தச் சந்தேகத்தை நான் வெளியே சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

அப்போது கவிதா எழுந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். அரிசி மூட்டைக்குப் பின்னால் கையை விட்டுக் கைப்பிடியை இழுத்தாள். அது கனம், ஒரு முனை தரையில் உரசிக்கொண்டே வந்தது.

"ஏனுங்கம்மா, பல்லுக் கெட்டா கெட்டுட்டுப் போகுது. தம்பி இருக்கோணுமில்ல" என்றாள். வாயைக் கையால் மூடவில்லை. இரண்டு கையும் கைப்பிடியில் இருந்தன.

மரகதம் அக்கா மகளின் வாயைப் பார்த்தார். பிறகு பாயைப் பார்த்தார். ஸ்பேனரை எடுத்தார்.

பூட்டி அடித்தால் முதலில் வந்தது செம்மண் நிறத்துத் துருத் தண்ணீர். கூடியிருந்தவர்கள் "ஐயோ" என்றார்கள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். பிறகு ராசு அண்ணன் வாங்கி அடித்தார். தெளியும்வரை அடித்தோம், தெளிந்த பிறகும் வெகுநேரம் அடித்துக் கொட்டினோம். தாகத்தோடு நிற்கிறவர்கள் முன்னால் தண்ணீரைக் கொட்டுவது எப்படி இருக்கும் என்று நீங்கள் அனுபவித்தால்தான் தெரியும். கடைசியில் மிச்சமிருந்த அந்த ஒரு மாத்திரையையும் குடத்தில் போட்டுக் காத்திருந்து, சபரிக்கு முதல் தம்ளர் கரைத்தோம். மரகதம் அக்கா ஸ்பூனால் ஊட்டினார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் என்னை ஒரு தரம் பார்த்தார். ஆட்டோ வந்தபோது அவன் கண் திறந்து, "கசக்குது" என்றான். அந்த வார்த்தையைக் கேட்டு அவர் அழுதார்.

பிள்ளை பிழைத்தான். எல்லாப் பிள்ளைகளும் பிழைத்தார்கள். அதனால் என் முடிவு சரி என்று நீங்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. சிலர் பம்பு நீர் குடித்துத் தேறினார்கள். சிலர் அதைத் தொடவே மாட்டோம் என்று பக்கத்துத் தோட்டத்திலிருந்து சோதிக்காத நீரைக் கொண்டுவந்து குடித்தும் தேறினார்கள். சிலர் விஷம் போக வேண்டும் என்று பம்பு நீரை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தார்கள். கொதித்துச் சுண்டினால் ஃப்ளோரைடு கூடுமே தவிரக் குறையாது. அதையும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மறுபடி அதே குரல். முந்தின நாள் கொதிக்கவைக்கச் சொன்னவளும் நான்தான்.

கிணற்று நீர் பாட்டில் கறுப்பானது. லாரி நீர் பாட்டில் கறுப்பும் ஆகவில்லை, தெளிவாகவும் இல்லை, சாம்பல் நிறத்தில் நின்றது. ஆய்வகத்திலிருந்து மறுபடி மாதிரி அனுப்பச் சொன்னார்கள். அதற்குள் லாரி டேங்கைக் கழுவிவிட்டார்கள். காரணம் எது என்று கடைசிவரை தெரியவில்லை. ராசு அண்ணன் இன்னும் தயிர் என்றே சொல்கிறார்.

கிணறு சரியானதும் கைப்பிடியைக் கழற்றும் நாள் வந்தது. இனிப்புத் தண்ணீருக்கு ஊர் மறுபடி பழகியிருந்தது. "இருக்கட்டுமுங்க, என்ன இப்ப" என்றார்கள். மரகதம் அக்கா யாரிடமும் வாதாடவில்லை. கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் கூடப் போனேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க" என்றார். மரியாதை திரும்பி வந்திருந்தது. அதுவே போதும் என்று இருந்தேன்.

போன வாரம் விடைபெறுவதற்காகப் போனேன். கோடை மறுபடி தொடங்கிவிட்டது. பம்பு அப்படியே நிற்கிறது, கைப்பிடி இல்லாமல், சிவப்பு வெளுத்து. ஆனால் அதன் கீழே மண் ஈரமாக இருந்தது. எங்கும் புழுதி பறக்கும் நாளில், பம்படியில் மட்டும் ஒரு குடம் வைத்த வட்டம் பதிந்திருந்தது.

மரகதம் அக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"லாரி வராத நாளு மாட்டுவனுங்க. டிரம்மு அடித்தண்ணியக் குடிச்சு மறுபடி வயித்தால போறதுக்கு இது மேலில்லீங்களா? எது மொதல்ல கொல்லுமோ அத மொதல்லத் தள்ளோணும். நீங்க சொன்னதுதான்."

நான் அந்த வார்த்தைகளில் சொன்ன நினைவில்லை. ஆனால் நான் சொன்னதன் பொருள் அதுதான்.

"யாருக்குக் குடுக்கறீங்கக்கா?"

"எல்லாத்துக்கும் குடுத்தா பழகிருவாங்கல்லொ. கைக்கொழந்தை, பொடுசுக இருக்கற ஊட்டுக்கு மட்டும். மத்தவங்க கெணத்துத் தண்ணி, லாரித் தண்ணி எதையோ பாத்துக்கட்டும். கொழந்தைங்கதான முக்கியம்?"

பெருமையாகச் சொன்னார். பல் முளைக்கும் வயதுக் குழந்தைகளுக்குத்தான் அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. அவர் பொத்திப் பொத்தி, சண்டை போட்டு, சரியாக அவர்களுக்கு மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அன்றைய நோயை வைத்துப் பார்த்தால் அவருடைய நியாயம் முழுக்கச் சரி. கவிதாவின் பல்லை வைத்துப் பார்த்தால் முழுக்கத் தலைகீழ். இரண்டையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

பேசாமல் வந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. திங்கட்கிழமை முதல் அது உங்கள் காலனி. ஆனால் கவிதா அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, மாத்திச் செய்யணும்" என்றேன். "லாரித் தண்ணி வந்ததும் மொதல்ல கொழந்தைங்க வீட்டுக்குத் தனிப் பானைல, கெணத்துத் தண்ணி கலக்காம எடுத்து வெச்சிருங்க. கொதிக்கவெச்சுக் குடுக்கட்டும். லாரி வராத நாளு பெரியவங்க வேணும்னா பம்புத் தண்ணியக் குடிக்கட்டும். கொழந்தைங்களுக்கு அது வேண்டாம்."

அக்கா இடுப்பில் கையை வைத்தார்.

"அன்னைக்குக் கொழந்தைக்குத்தான் மொதல்லன்னு சபரிக்குக் கரைச்சது யாருங்க?"

"நான்தாங்கக்கா."

"இன்னைக்குக் கொழந்தைக்கு மட்டும் வேண்டாங்கறது?"

"அதுவும் நான்தான்."

"நாளைக்கு வந்து இன்னொண்ணு சொல்லுவீங்களா?"

ஆம், இல்லை என்ற இரண்டையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். லாரியும் நின்று, கிணறும் கெட்டு, இன்னொரு சபரி பாயில் கிடந்தால் மறுபடி மாற்றத்தான் வேண்டும்.

"சொல்லுவேன் போலத்தாங்க இருக்கு" என்றேன். "நான் இல்லேன்னா, அடுத்து வாற ரெண்டு பேரு சொல்லுவாங்க."

கவிதாதான் முதலில் சிரித்தாள், கையால் வாயை மூடிக்கொண்டு. பிறகு அக்காவும் சிரித்துவிட்டார். "அப்படிச் சொல்லுங்க. அன்னைக்கே அப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா நானு அத்தனை கத்தியிருக்க மாட்டனுங்க" என்றார். "பெரியவங்களுக்குன்னா பரவால்லீங்க. எங்க முட்டியெல்லாம் எப்பவோ போனதுதான்."

தம்ளரில் தண்ணீர் கொடுத்தார். எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் போகும்போது பம்படியில் ஈரம் இருக்கும். பார்த்தவுடன் கோப்பில் எழுதிவிடாதீர்கள். முதலில் மரகதம் அக்கா வீட்டுக்குப் போங்கள். உங்களுக்காக இரண்டு பேர் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். நீங்கள் சொல்லப்போவது என்ன என்பதைவிட, அது எப்போது மாறும் என்பதைத்தான் முதலில் கேட்பார்.

அதற்கு மட்டும் பதில் வைத்துக்கொண்டு போங்கள்.